சொந்தத் துணியைப் போட்டுக்கொண்டு நடித்தால் போதாதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வட சென்னையின் வியாசர்பாடியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறீர்கள். நடிப்பவர்களும் உங்கள் தெரு ஆட்கள், எடுக்கிற இடமும் உங்கள் தெரு. அவரவர் வீட்டுத் துணியைப் போட்டுக்கொண்டு வந்தாலே தத்ரூபமாக இருக்குமே, காஸ்ட்யூமுக்கு என்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்கிறீர்கள். உடை பாத்திரத்தை உருவாக்குகிறது, கதையைச் சொல்கிறது என்பதெல்லாம் படம் வந்த பிறகு எழுதுகிறவர்கள் கட்டிச் சொல்வதுதானே என்ற சந்தேகமும் அதில் இருக்கிறது. நிஜமான ஆள், நிஜமான தெரு, நிஜமான துணி மூன்றும் கையில் இருக்கும்போது இன்னும் என்ன குறை? இதுதான் கேள்வியின் மையம் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். உதவி காஸ்ட்யூமராக இந்தத் தொழிலுக்குள் வந்து, இப்போது ஆடை வடிவமைப்பு செய்கிறேன். டைட்டில் கார்டில் காஸ்ட்யூமர், காஸ்ட்யூம் டிசைனர் என்று இரண்டு பெயர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாத்திரம் எந்தக் காட்சியில் எதை உடுத்த வேண்டும் என்று முடிவு செய்வது டிசைனர் வேலை. அந்தத் துணியைத் தயார் செய்து, துவைத்து, இஸ்திரி போட்டு, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் மாட்டிவிட்டு, சாயங்காலம் எண்ணி வாங்கி வைப்பது காஸ்ட்யூமர் வேலை. சின்னப் படத்தில் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். என் அனுபவம் பெரும்பாலும் நம் காலத்து மனிதர்களைப் பற்றிய படங்களில்தான். ராஜா காலத்துக் கதைகளுக்கான வேலை வேறு மாதிரி, அதற்குள் நான் போகவில்லை.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்கள் நண்பரின் சட்டை உங்கள் நண்பரைப் பற்றித்தான் சொல்லும், அவர் நடிக்கிற ஆளைப் பற்றிச் சொல்லாது. உங்கள் நாயகன் வேலை போய்ச் சில மாதம் ஆனவன் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேடத்தில் நடிக்கிற நண்பர் மாதச் சம்பளம் வாங்குகிறவர். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை, ஜிம்முக்குப் போகிற தோளுக்குக் கச்சிதமான ஃபிட்டிங், கையில் ஸ்மார்ட் வாட்ச். அவர் ‘கையில காசு இல்ல மச்சான்’ என்று சொன்னால் காது நம்பும், கண் நம்பாது. அப்புறம் இன்னொன்று. கேமரா முன்னால் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எல்லோரும் இருப்பதிலேயே நல்லதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். ‘கஷ்டப்படுகிற குடும்பம்’ என்று சொல்லிவிட்டால் பரணில் கிடக்கிற கிழிசலைத் தேடி எடுப்பார்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தக் குடும்பம் வீட்டில் இருக்கிற கோலம் இந்த இரண்டுமே கிடையாது.

திரைக்கதை கைக்கு வந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை, கதை எத்தனை நாளில் நடக்கிறது என்று எண்ணுவது. படப்பிடிப்பு நாள் வேறு, கதை நாள் வேறு. அறுபது காட்சி இருக்கும், கதைப்படி அது பத்து நாளில் முடிந்துவிடும். ஒவ்வொரு கதை நாளிலும் யார் என்ன உடுத்தியிருக்கிறார் என்று ஓர் அட்டவணை வரும். அதைப் போடுவதற்கு முன்னால், பாத்திரத்தின் பீரோவை எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். கொருக்குப்பேட்டையில் இருக்கிற இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன். அவனுக்குச் சட்டை நாலு. ஒன்று அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது. ஒன்று துணிக்கடைகள் நிறைந்த வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியது. ஒன்று மாமா கொடுத்தது, தோள் தையல் ஒரு விரற்கடை கீழே தொங்கும். இன்னொன்று வேலைக்குப் போன இடத்தில் கொடுத்தது, பாக்கெட் மேல் கம்பெனிப் பெயர் இருக்கும். கால்பந்து டீமுக்காக அடித்த டீ-ஷர்ட், முதுகில் நம்பர் பாதி உதிர்ந்தது. பேன்ட் இரண்டு, கைலி மூன்று. அவ்வளவுதான் பீரோ. கதை முழுக்க அவன் இதற்குள்ளிருந்துதான் எடுத்து உடுத்த வேண்டும்.

இப்போது அந்தக் கல்யாணச் சட்டையைப் பாருங்கள். ஆரம்பத்தில் அக்கா கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டு பந்தியில் பரிமாறுகிறான். நடுவில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதையே போட்டுக்கொண்டு போகிறான். பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வருகிறது. அன்றைக்கும் அதே சட்டை, முழுக்கையை மடிக்காமல் பட்டன் போட்டு, உள்ளே டக் இன் செய்துகொண்டு போகிறான். இதில் வசனமே தேவையில்லை. மரியாதையாக நடத்துவார்கள் என்ற நம்பிக்கையும், நடத்த மாட்டார்களோ என்ற பயமும் அந்த மடிக்காத கையில் இருக்கிறது. அங்கே சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொல்கிறார்கள் என்று இயக்குநர் எடுத்தால், பார்க்கிறவருக்கு அக்கா கல்யாணம் தானாக ஞாபகம் வரும். அதற்கு அப்புறம் அந்தச் சட்டை படத்தில் வரவே வராது. வீட்டுக் கொடியில்கூடத் தொங்காது.

நான் இந்தத் தொழிலில் முழுமையாக நம்புகிற விஷயம் இதுதான். ஓர் உடை தனியாக நின்று பெரிதாக எதையும் சொல்லாது. திரும்ப வரும்போது, வரக்கூடாத இடத்தில் வரும்போது, வர வேண்டிய நேரத்தில் வராமல் போகும்போது பேசும். அதனால்தான் பீரோ சின்னதாக இருக்கிற மனிதர்களின் கதையில் உடைக்கு வலிமை அதிகம். காட்சிக்குக் காட்சி புதுச் சட்டை மாட்டுகிற நாயகனிடம் இந்த வழியே அடைபட்டுப் போகிறது. எதுவுமே திரும்ப வராததால் எதுவுமே ஞாபகம் நிற்பதில்லை. வட சென்னையைப் பற்றிப் படம் எடுக்கிறவருக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். பாத்திரத்தை அதே நாலு சட்டையில் காட்டுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நம் பகுதியைக் காட்டுகிற பல படங்களில் இதற்குப் பதிலாக அழுக்கை வைக்கிறார்கள். கலைந்த தலை, கசங்கிய சட்டை, கறை படிந்த கைலி, கழுத்தில் ஒரு கர்ச்சீப். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. உங்கள் தெருவைக் காலையில் ஏழு மணிக்கு நின்று பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரரைச் சுற்றி எத்தனை மூட்டை. வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எப்படிக் கிளம்புகிறார்கள். வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டு, வேட்டிக்குக் கஞ்சி போட்டு உடுத்துகிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பணம் குறைவாக இருக்கிற வீட்டில் துணியைப் பார்த்துக்கொள்கிற அக்கறை அதிகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் மாற்றுக்கு வேறு இல்லை. வறுமையைக் காட்ட வேண்டும் என்றால் அந்த அக்கறையின் தழும்புகளைக் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடப் பாவாடை ஒன்றைச் சொல்கிறேன். வளர்கிற பெண் என்று அடியில் நாலு விரல் மடிப்பு விட்டுத் தைப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மடிப்பைப் பிரித்துவிடும்போது, பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். கோட்டுக்குக் கீழே துணி கடையில் வாங்கிய அன்று இருந்த கருநீலம். மேலே வெயிலிலும் சோப்பிலும் வெளுத்த நீலம். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. கேமரா அந்தப் பாவாடையை இரண்டு நொடி காட்டினால் போதும், அம்மா கணக்குப் பார்த்துத் தைத்ததும், பிள்ளை வளர்ந்ததும், புதுசு வாங்க முடியாததும் மூன்றும் சேர்ந்து வந்துவிடும். அதே போலத்தான் சட்டைக் காலர். தேய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைக்கிற டைலர்கள் முன்பெல்லாம் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். திருப்பிய காலரில் தையல் ஓட்டை பழைய இடத்தில் லேசாகத் தெரியும். இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் பிடித்து வைப்பதுதான் எங்கள் வேலை. சேற்றில் புரட்டி எடுத்த துணியைவிட இது கடினம், ஆனால் மனிதர் மேல் மரியாதை இருக்கும்.

பெண்களின் உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் நைட்டி என்பது வீட்டு உடை மட்டும் இல்லை, அதற்கு ஓர் எல்லை உண்டு. வாசலில் கோலம் போட நைட்டி போதும். தண்ணீர் லாரி வந்தால் மேலே ஒரு துண்டு போட வேண்டும். தெருமுனைக் கடை வரைக்கும் அந்தத் துண்டோடு போகலாம். மெயின் ரோட்டைத் தாண்டி பஸ் ஏற வேண்டும் என்றால் சேலையோ சுடிதாரோ மாற்றியாக வேண்டும். இந்த எல்லை தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், ஆனால் அந்தந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கதையில் ஒரு பெண் நைட்டியோடு, மேலே துண்டுகூட இல்லாமல், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள் என்று காட்டுங்கள். ஏதோ நடந்துவிட்டது என்று நம் ஊர்க்காரர் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கைலிக்கும் இதே கணக்குதான். மடித்துக் கட்டியிருக்கும் ஆள் யாரைப் பார்த்ததும் இறக்கிவிடுகிறான், யாரைப் பார்த்தும் இறக்காமல் நிற்கிறான் என்பது பாதி கதை. இதை நடிகருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதும் காஸ்ட்யூம் வேலையில் சேர்த்திதான்.

காக்கியை எடுத்துக்கொள்ளுங்கள், அது நம் பகுதியோடு நெருங்கிய துணி. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லை நம் ஆட்கள் பின்னி மில் என்று சொல்வார்கள். பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் தொடங்கி, பிற்பாடு ஒன்றானவை. ராணுவத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்து பேர் வாங்கிய மில் அது. 1921-ல் அங்கே நடந்த நீண்ட வேலைநிறுத்தம் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுகிற ஒன்று. 1996-ல் மூடிவிட்டார்கள். அந்த வளாகத்தில் அப்புறம் எத்தனையோ படங்களுக்கு செட் போட்டிருக்கிறார்கள். வட சென்னையில் காக்கி என்றால் அதை நெய்தவர்களும், அதைப் போட்டுக்கொண்டு லத்தி பிடித்தவர்களும், அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஓட்டியவர்களும் ஒரே சந்தைக்குள் நடமாடியிருக்கிறார்கள்.

ஒரு ஃபிரேமில் போலீஸ்காரரும் ஆட்டோக்காரரும் நின்றால் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசத்தை நாங்கள் வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஒருவருக்குக் கத்தி மாதிரி மடிப்பு, பெல்ட், தோளில் பட்டை. இன்னொருவர் சொந்தச் சட்டைக்கு மேலே காக்கியைப் பட்டன் போடாமல் மாட்டியிருப்பார், டிராஃபிக் போலீஸ் நிற்கிற சிக்னல் வருகிறது என்றதும் மேல் பட்டனைப் போடுவார். அந்தக் கை அசைவு ஒரு வசனத்துக்குச் சமம். 1995-ல் வந்த ‘பாட்சா’வில் காக்கியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டோக்காரராக இருக்கும்போது காக்கி, பம்பாய் முன்கதையில் கோட். அதே முகம், அதே உடம்பு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் காக்கிக்கு வரும்போது, இந்த ஆள் இதை அடக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. காக்கி மாறவில்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறிவிட்டது.

கோட்டைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். மே மாதக் கல்யாண வரவேற்பில், வியர்வை கொட்டக் கொட்ட, மாப்பிள்ளை முழு கோட் சூட்டில் நிற்பார். வெளியிலிருந்து வருகிற உதவி இயக்குநர்கள் சிலர் இதை ஆடம்பரம் என்று நினைத்து, வேடிக்கைக் காட்சியாக வைக்கப் பார்ப்பார்கள். அந்த வீட்டுச் சுவரில் யார் படம் மாட்டியிருக்கிறது, தெருமுனையில் நீலக் கோட்டோடு யார் சிலை நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி உடையைக் குறைத்து முழ வேட்டிக்கு மாறினார். அவர் குறைத்தது ஓர் அரசியல். மேலாடை போடவே உரிமை மறுக்கப்பட்டவர்களின் தலைவராக அம்பேத்கர் கோட் போட்டு நின்றதும் அரசியல்தான். 2016-ல் வந்த ‘கபாலி’ இந்த வித்தியாசத்தை வாய்விட்டே பேசியது. நாயகன் பெரும்பாலும் கோட்டில் வருவதற்கு அதுவே காரணமாக நின்றது. நடிகருக்கு எடுப்பாக இருக்கிறது என்று மாட்டிவிட்ட கோட் அல்ல அது. எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர், 1982-ல் வந்த ‘காந்தி’ படத்துக்காக 1983-ல் பானு அதையாவுக்கு ஜான் மொல்லோவோடு சேர்ந்து கிடைத்த ஆடை வடிவமைப்பு விருது. அந்தப் படத்தில் உடை மாறுவதே வாழ்க்கை வரலாறாக இருக்கிறது. கோட் போட்ட வக்கீலில் தொடங்கி முழ வேட்டியில் முடிகிற மனிதரை, உடையை எடுத்துவிட்டுச் சொல்லவே முடியாது. நம் பக்கத்தில், தேயிலைத் தோட்டக் கூலிகளைப் பற்றிய பாலாவின் ‘பரதேசி’க்காகப் பூர்ணிமா ராமசாமிக்கு தேசிய விருது கிடைத்தது. அழகான துணிக்குத்தான் விருது என்று நினைக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய காலத்துக் கதை என்றால் துணி பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்ளும். அதிமுக 1972 அக்டோபரில் தொடங்கிய கட்சி. 1971 தேர்தல் கூட்டம் என்று காட்டிவிட்டு, பின்னால் நிற்கிறவர் இடுப்பில் கறுப்பு வெள்ளை சிவப்புக் கரை வேட்டி தெரிந்தால் ராயபுரத்தில் யாராவது ஒரு பெரியவர் கண்டுபிடித்துவிடுவார். 1970-களின் சட்டைக்கு அகலமான காலர், டெரிலின், டெரிகாட்டன் துணி, உடம்போடு ஒட்டிய தையல். கடையில் வாங்கியதைவிட டைலர் தைத்ததே அதிகம் என்பதால் ஒரே தெருவில் பல சட்டைகளுக்கு ஒரே கைவரிசை இருக்கும். இதை வைத்தால் தெரு ஒன்றாகத் தெரியும். இதெல்லாம் உறுதியாகச் சரிபார்க்க முடிகிற விஷயங்கள். பழைய கல்யாண ஆல்பம் நாலு கிடைத்தால் போதும்.

துணி தயார் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். புதுத் துணியை அப்படியே மாட்டக்கூடாது. சில தடவை துவைத்து, காலர் முனையிலும் கை மடிப்பிலும் பாக்கெட் ஓரத்திலும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கொடியில் காய்கிற துணி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெளுக்காது. தோளும் முதுகும் அதிகம் வெளுக்கும், பாக்கெட் மூடிக்கு அடியில் பழைய நிறம் அப்படியே இருக்கும். பாக்கெட் தொங்க வேண்டும் என்றால் துணியை நனைத்து, உள்ளே கல்லைப் போட்டுக் காயவிட வேண்டும். வியர்வைக்குத் தண்ணீரில் கிளிசரின் கலந்து அடித்தால் சீக்கிரம் காயாது. பளிச்சென்ற வெள்ளையை டீ டிகாக்‌ஷனில் முக்கி எடுப்பது கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். தூய வெள்ளை கேமராவில் வெளிச்சத்தை வாரி அடித்து முகத்தை அமுக்கிவிடும். செல்போனில் எடுத்தால் இன்னும் மோசம், வெள்ளைச் சட்டையைப் பார்த்து போன் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், கறுத்த முகம் இருட்டாகிவிடும். நெருக்கமான சின்னக் கட்டம், சின்னக் கோடு போட்ட சட்டை டிஜிட்டல் கேமராவில் நெளிகிற மாதிரி தெரியும். அப்புறம் வெளிச்சம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே சிவப்பும் நீலமும் நிறமிழந்து மங்கிப் போகும். இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி., நிறம் அப்பட்டமாகத் தெரியும். இரவுக் காட்சிக்கு எடுத்த துணியை அந்த இரவு வெளிச்சத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சண்டை, மழை, ரத்தம் என்று வருகிற காட்சிக்கு ஒரே சட்டையில் மூன்று நாலு செட் வேண்டும். ரத்தக் கறையை ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து வைக்காவிட்டால் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, போய்விடும்.

இனி சந்தேகத்துக்குரிய பக்கம். உடை கதை சொல்கிறது என்பது கட்டிச் சொல்வதுதானே என்ற உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் தனிமை, கறுப்புச் சேலை வந்தால் துரோகம் என்று படத்துக்கு உரை எழுதுகிறவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் அப்படியே ஏற்பதில்லை. நிறத்துக்கு என்று எல்லா ஊருக்கும் பொதுவான அர்த்தம் கிடையாது. வெள்ளைச் சேலை ஓரிடத்தில் இழப்பு, இன்னோரிடத்தில் நர்ஸ் வேலை, கேரளத்தில் திருவிழா. ஒரு படம் தன் கதைக்குள்ளேயே ஒரு நிறத்துக்கு அர்த்தம் ஏற்றி, அதைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அது நிற்கும். இல்லையென்றால் பார்க்கிறவர் கற்பனை. பல நேரம் அந்த நிறம் வந்ததற்குக் காரணம் மொத்தத் துணி விற்கிற கோடவுன் தெருவில் அன்றைக்கு அந்தத் துணியில்தான் ஆறு செட்டுக்கு மீட்டர் இருந்தது என்பதாக இருக்கும். நடிகருக்கு அந்த நிறம் பிடிக்கும் என்பதாகவும் இருக்கும். நடிகரின் ரசிகர்கள் எதிர்பார்க்கிற தோற்றத்துக்காகப் பாத்திரத்தின் உடையை விட்டுக்கொடுப்பதும் நம் சினிமாவில் நடக்கிறதுதான்.

பார்வையாளர் இதையெல்லாம் கவனிக்கிறாரா என்று கேட்டால், பெரும்பாலும் பெயர் சொல்லிக் கவனிப்பதில்லை. திருப்பிய காலரைப் பார்த்தேன் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆள் நிஜமாக இருந்தான் என்று சொல்வார்கள். அதில் உடைக்கு எவ்வளவு பங்கு, நடிப்புக்கு எவ்வளவு, வெளிச்சத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எடுத்துக் காட்ட என்னால் முடியாது, யாராலும் முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. எழுத்து பலவீனமாக இருந்தால் எவ்வளவு நல்ல உடையும் அதைத் தூக்கி நிறுத்தாது. போலீஸ் ஸ்டேஷன் காட்சியே கதையில் இல்லையென்றால் என் கல்யாணச் சட்டை வெறும் சட்டைதான். ஆனால் நடிகரின் உடம்பில் உடை செய்கிற மாற்றத்தை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோள் தொங்குகிற சட்டையை மாட்டினால் ஆள் தானாகக் கொஞ்சம் குறுகி நிற்பார். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பைப் போட்டால் நடை மாறும், கால் விரலால் செருப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அது நடிப்புச் சொல்லிக் கொடுத்து வராது.

சரி, உங்கள் படத்துக்கு என்ன செய்யலாம். தனியாக ஆள் வைக்கப் பணம் இல்லையென்றால் பரவாயில்லை, உங்களில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். நடிக்காத ஒருவராக இருக்க வேண்டும், கையில் ஒரு நோட்டு வேண்டும். கதை நாளை எண்ணுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பீரோவை எழுதுங்கள், ஒவ்வொரு துணியும் அந்த ஆளுக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அப்புறம் எல்லோர் வீட்டுத் துணியையும் ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டி, ஒருவர் துணியை இன்னொருவருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் நாயகனுக்குச் சரியான சட்டை உங்கள் கேமராமேனின் அண்ணன் வீட்டில் இருக்கலாம். நீங்கள் சொன்ன நிஜத் துணிதான், ஆள் மட்டும் மாறுகிறார். வீட்டில் இல்லாததை எம்.சி. ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம். பணம் கொஞ்சம் இருந்தால் காலரும் கழுத்துப் பகுதியும் நன்றாக இருக்கிற மேல்சட்டைக்குச் செலவு செய்யுங்கள், பேன்ட்டுக்கு வேண்டாம். உங்கள் ஷாட்டுகளில் பெரும்பாலானவை மார்புக்கு மேலேதான் இருக்கும்.

தேர்ந்தெடுத்த துணியை ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்து வீட்டில் போட்டுக்கொண்டு திரியச் சொல்லுங்கள், கடைக்குப் போகச் சொல்லுங்கள், அதோடு கிரவுண்டில் உட்காரச் சொல்லுங்கள். செருப்பை ஒத்திகையின் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு யாரும் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, அம்மா பாசத்தோடு துவைத்து, நீங்கள் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த கசங்கலையெல்லாம் எடுத்துவிடுவார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கை எவ்வளவு மடித்திருந்தது, எத்தனை பட்டன் திறந்திருந்தது என்று போனில் ஒரு போட்டோ. அட்டவணையைப் போட்டு முடித்ததும், முடிந்தால் இங்கேயே பதிவிடுங்கள். கதை நாளும் சட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.